மழை பெய்ததற்கு என்ன அத்தாட்சி?

2023 டிசம்பர் 4-ஆம் தேதி சென்னையில் மழை பெய்ததா என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். வானிலை மையத்தின் சான்றாக இருந்தால் உத்தமம், கிடைக்காவிட்டால் செய்தித்தாள் நறுக்கையாவது இணைக்க வேண்டுமாம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் அது மூன்றாவது வரியாக, ரொம்பச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு விமான நிலையத்தின் ஓடுபாதையே குளமாகிப் போய் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். மிக்ஜாம் என்று பெயர் வைத்த அந்தப் புயல் மறுநாள் ஆந்திராவின் பாபட்லா பக்கம் கரையேறும்வரை நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. காரப்பாக்கத்தில் அமீர்கானைப் படகில் ஏற்றி மீட்டுக்கொண்டு வந்த படத்தைப் பார்க்காதவர் யாராவது உண்டா? இத்தனை அமர்க்களம் நடந்த ஊரில், மடிப்பாக்கத்துத் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஆசாமி, மழை பெய்தது என்று ருசுப்படுத்த வேண்டும். சரி, செய்தித்தாள் நறுக்கு என்கிறார்களே, அந்த வாரம் எங்கள் தெருவுக்குப் பால் பாக்கெட்டே வரவில்லை. பேப்பர்காரர் நீந்தியா வருவார்?

இந்தப் பாலிசியை நான் தேடிப்போய் வாங்கவில்லை. வீட்டுக்கடன் வாங்கியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. வங்கியில் கட்டுக் காகிதத்தை முன்னால் வைத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் இங்க... இது இன்சூரன்ஸ் சார், லோனோட வர்றது" என்றார்கள். பிரீமியம் மொத்தத்தையும் கடன் தொகையிலேயே சேர்த்துவிட்டதால் கையிலிருந்து பணம் போன உணர்வுகூட இல்லை. அன்றைக்கு என் வீடு நிஜமாகவே இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சுவருக்குப் படம் எடுக்கவில்லை, தரை டைல்ஸா மொசைக்கா என்று விசாரிக்கவில்லை. பணம் வாங்கும்போது என் வாய்வார்த்தையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் வந்த பட்டியலைப் பாருங்கள். வீட்டு உரிமைக்கான பத்திர நகல், அனுமதி பெற்ற வரைபடம், சொத்துவரி ரசீது, ரத்து செய்த காசோலை, பான், ஆதார், சேத மதிப்பீடு, செலவு பில்கள், வெள்ளத்துக்குப் பின் எடுத்த படங்கள், அதோடு வெள்ளத்துக்கு முன் எடுத்த படங்கள். மூலப் பத்திரம் அந்த வங்கியின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. பாலிசியை விற்றதும் அதே வங்கி. பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், இல்லை, நகலை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருந்த நகலும் வரைபடமும் மரபீரோவின் கீழ்த் தட்டில் இருந்தன. கீழ்த் தட்டு எங்கே போயிற்று என்பதைத்தான் க்ளெய்ம் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேனே! தண்ணீர் எதைக் கொண்டு போயிற்றோ அதைக் கொண்டுவந்து காட்டினால்தான் தண்ணீர் வந்ததை நம்புவார்கள் என்றால், இந்த ஏற்பாட்டை யோசித்தவர் மாடி வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு முன் எடுத்த படம் என்பதைப் படித்ததும் என் மனைவி கேட்டாள்: "நம்ம வீட்டுச் சுவரை யாருங்க போட்டோ எடுத்து வெப்பா?" நியாயமான கேள்வி. கடைசியில் மகளின் வளைகாப்பு ஆல்பம்தான் கைகொடுத்தது. பெரியத்தையின் தோளுக்குப் பின்னால் கூடத்துச் சுவர் ஒரு சாண் தெரிந்தது. சந்தனக் கிண்ணம் வைத்திருந்த மேடைக்கு அடியில் அடுக்களை அலமாரியின் கதவு பாதி. யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்த படத்தில் மரவாசற்கால். அவற்றைப் பெரிதாக்கி, வட்டம் போட்டு அனுப்பினோம். ஒவ்வொரு கோப்பும் 2 எம்பிக்கு மிகக் கூடாது என்று அவர்களுடைய தளம் அடம்பிடித்தது. சுருக்கி அனுப்பினால் "படம் தெளிவாக இல்லை" என்று திரும்பி வந்தது. பெரியத்தை தெளிவாகத்தான் இருந்தார்.

இதற்கிடையில் தொலைபேசியில் ஒரு கட்டளை. சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் அப்புறப்படுத்தாதீர்கள், இருந்தது இருந்தபடியே இருக்கட்டும். பாலிசியை எடுத்துப் படித்தால், சேதம் மேலும் பெருகாமல் தடுக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை என்று இருக்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில் எப்படிச் செய்வது? சாக்கடைத் தண்ணீரும் சேறும் கலந்து வற்றிய தரை அது. செப்டிக் டேங்க் எதிர்த்து வந்திருந்தது. சம்பில் கறுப்புத் தண்ணீர். ஊறிய ப்ளைவுட் விடிய விடிய உப்பிக்கொண்டே போகும். மெத்தையில் பூசணம் பிடிக்கும் நாற்றம் தெருமுனைவரை வீசும். வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும் என்பது 2015-லேயே இந்தப் பக்கத்து மக்கள் கற்றுக்கொண்ட பாடம். நாங்கள் கழுவினோம். கழுவுவதற்கு முன் கைப்பேசியில் சார்ஜ் இருந்தவரை படம் எடுத்தோம். மின்சாரத்தைத்தான் முன்னெச்சரிக்கையாக நிறுத்தியிருந்தார்களே, எவ்வளவு எடுக்க முடியும்? பிறகு வந்த கடிதத்தில், "ஆய்வுக்கு முன்பே சுத்தம் செய்யப்பட்டதால் சேதத்தின் முழு அளவை உறுதிசெய்ய இயலவில்லை" என்று ஒரு வரி.

சர்வேயர்மீது எனக்கு வருத்தமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. உரிமம் பெற்ற தனி ஆள், நிறுவனம் நியமிக்கிறது. வெளியூரிலிருந்து வந்திருந்தார். ஒரே நாளில் தாங்க முடியாத எண்ணிக்கையில் வீடு, கடை, கார் என்று அவர் தலையில் கட்டியிருந்தார்கள். முட்டிவரை சேறு. காப்பி கொடுத்தோம், நின்றபடியே குடித்தார். காம்பவுண்டுச் சுவரில் டேப் வைத்துத் தண்ணீர்க் கோட்டை அளந்தவர் சற்றுக் குழம்பிப் போனார். சுவரில் இரண்டு கோடுகள் இருந்தன.

"சார், இதுல எது இந்த வெள்ளம்?"

"கீழ இருக்கறது இந்த வருஷம். மேல இருக்கறது 2015."

"கரெக்டாத் தெரியுமா சார்?"

தெரியாமலா இருக்கும்? பிள்ளைகளின் உயரத்தைக் கதவில் கோடு போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் காம்பவுண்டில் வெள்ளத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

படிவத்தில் 'வெள்ளத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம், அரை அங்குல அகலத்துக்கு. எதை எழுதுவது? கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடித்தான் வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி சாலையும் கட்டடமும் குப்பைமேடுமாக ஆன பிறகு, மிச்சமிருப்பதைக் காப்பாற்ற 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேரை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். தண்ணீர் பட்டியலைப் படித்துவிட்டா வருகிறது? தன் பழைய வழியிலேயே வருகிறது. வழியில் என் வீடு இருக்கிறது. கட்டத்துக்குள் 'மழை' என்று எழுதினேன்.

பிறகு தொடங்கியது கட்டடமா, பொருளா என்ற விவகாரம். எங்கள் பாலிசி கட்டடத்துக்கு மட்டும். ஃப்ரிட்ஜ், மெத்தை, வாஷிங் மெஷின் எல்லாம் போனது போனதுதான், அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் சுவரோடு பொருத்திய அடுக்களை அலமாரி என்ன கணக்கு? அவர்கள் பார்வையில் திருகாணியைக் கழற்றினால் வெளியே எடுக்க முடிகிறது, ஆகவே அது பொருள். என் பார்வையில், அதைக் கழற்றினால் பின்னால் பூச்சே இல்லை, வெறும் செங்கல்தான் இருக்கிறது, ஆகவே அது சுவர். தண்ணீர் மோட்டார்? கழற்றலாம், பொருள். சரி, மீட்டர் பெட்டியும் சுவருக்குள் போகும் வயரும்? அதில் பாதி கட்டடம், மீதி 'நாட்பட்ட தேய்மானம்'. கூடத்துச் சுவர் ஈரத்தைக் காட்டினால், இது வெள்ளத்தால் வந்ததல்ல, பழைய ஓதம் என்று ஒரு குறிப்பு. படிப்படியாகக் கசிந்த ஈரத்துக்குப் பாலிசியில் இடமில்லை. திடீரென்று நனைந்த ஈரத்துக்கு மட்டும்தான் இடம். அந்த இரண்டு ஈரமும் ஒரே செங்கல்லில்தான் குடியிருக்கின்றன. வெள்ளத்தில் ஊறிய சுவர் உடனே தன் சேதத்தைக் காட்டாது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மேலே காய்ந்தாற்போல இருக்கும். மாதங்கள் கழித்து உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து, தட்டினால் பூச்சு உதிரும். அதற்குள் ஆய்வு முடிந்து கோப்பு நகர்ந்திருக்கும்.

கொத்தனார் என்றதும் பில் ஞாபகம் வருகிறது. செலவுக்கு ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் வேண்டும் என்றார்கள். எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பில்லா? என்னா சார், நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிவு செய்யத் தேவையே இல்லை என்று அரசாங்கமே சொல்கிறது. சட்டம் விலக்கு அளித்த மனிதரிடம் போய், சட்டம் கேட்காத காகிதத்தை வாங்கி வா என்கிறது நிறுவனம். பூச்சு வேலை, தரை வேலை, பெயிண்ட், எலக்ட்ரீசியன், பிளம்பர் என்று நம் ஊரில் வீடு பழுதுபார்க்கும் தொழில் முழுக்கவும் இப்படி வாய்ச்சொல்லிலும் ரொக்கத்திலும் ஓடுகிறது. ஜிஎஸ்டி பில் கொடுக்கிற பெரிய நிறுவனத்தைக் கூப்பிடலாம்தான். அவர்கள் சொல்லும் தொகையில் 18 சதவீதம் வரி சேர்ந்து வரும். அப்போது, "மதிப்பீடு சந்தை நிலவரத்தைவிட அதிகம்" என்று அதிலும் வெட்டுவார்கள். மேஸ்திரி ஒரு கோடு போட்ட தாளில் சிமெண்டு மூட்டை, மணல், ஆள் கூலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை அவர்கள் 'ஆதாரமற்ற தாள்' என்று குறித்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் நிஜமாக வேலை செய்த ஒரே ஆளின் கையெழுத்து அது.

கால வரம்புக்கு விதிமுறை இல்லாமலில்லை. நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் க்ளெய்மின்போது நடப்பில் இருந்தவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 விதிமுறைகள். 72 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 30 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அதன் பிறகு 30 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி. படித்தபோது நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் அந்த வாசகம் கண்ணில் பட்டது. கடைசியாகத் தேவைப்படும் ஆவணம் வந்துசேர்ந்த நாளிலிருந்துதான் வட்டிக் கணக்கு. சூட்சுமம் அங்கே இருக்கிறது. கடைசி ஆவணம் எது என்று சொல்கிறவர்களும் அவர்கள்தான். கேட்டதை அனுப்பி முடித்த வாரம், வங்கியிடமிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும் என்பார்கள். கடன் இருக்கும்வரை இழப்பீட்டில் வங்கிக்கே முதல் உரிமை, எனவே அது தேவைதான். ஆனால் அதை முதல் நாளே கேட்டிருக்கலாம். அது போனதும், காசோலையில் உள்ள பெயரின் முதலெழுத்தும் பாலிசியில் உள்ளதும் பொருந்தவில்லை. அது சரியானதும், மதிப்பீட்டைப் பொறியாளர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

2024 ஜூனில் ஆணையம் புதிய சுற்றறிக்கை வெளியிட்டது. சர்வேயர் நியமனம் 24 மணி நேரத்தில், அறிக்கை 15 நாளில், அடுத்த 7 நாளில் முடிவு. ஆவணம் இல்லை என்பதற்காக எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது, தேவையான காகிதங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். அருமை. இதைத்தானே நாங்கள் சேற்றில் நின்றுகொண்டு கத்தினோம்! அடுத்த வெள்ளத்தில் மூழ்கப் போகிறவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்.

கடைசியில் தொகை வந்தது. கணக்குத் தாளைப் பார்த்தபோதுதான் 'சராசரி விதி' என்ற ஒன்று அறிமுகமாயிற்று. இன்றைக்குக் கட்ட 30 லட்சம் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று அர்த்தமாம். ஆகவே 3 லட்சம் சேதமானால் 2 லட்சம்தான் கிடைக்கும். வீடு 20 லட்சம்கூட மூழ்கவில்லையே, சேதம் 3 லட்சம்தானே என்று கேட்டால் அது வேறு கணக்கு. இந்த அநியாயத்தை உணர்ந்துதான் 2021 ஏப்ரலிலிருந்து விற்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் இந்த விதியை எடுத்துவிட்டார்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுப் பொருள்களுக்கும் அதிலேயே இடம் இருக்கிறது. எங்களுடையது அதற்கு முந்தைய, கடன் முடியும்வரை ஓடும் நீண்டகாலப் பாலிசி. புதியது வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று வங்கியும் சொல்லவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை. தீபாவளி வாழ்த்து மட்டும் வருடா வருடம் தவறாமல் அனுப்பினார்கள்.

பணத்துக்கு முன்னால் ஒரு ரசீதில் கையெழுத்து கேட்டார்கள், 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று. கையெழுத்துப் போட்டால்தான் பணம். மனைவி வேண்டாம் என்றாள். ஆனால் இப்படிப் போடும் கையெழுத்து, கூடுதல் இழப்பீடு கேட்டு மன்றத்துக்குப் போகும் உரிமையைப் பறிக்காது என்று ஆணையம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த விஷயத்தை ரசீதின் எந்த மூலையிலும் அச்சடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வயிற்றெரிச்சல் அதிகமானது எப்போது தெரியுமா? அதே டிசம்பரில், 17-ஆம் தேதி முதல், ரேஷன் கடையில் டோக்கனைக் காட்டி அரசின் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு வந்தோமே, அப்போது. அந்தப் பணத்தில் எங்கள் அலமாரிக் கதவு ஒன்றுகூட வராதுதான். ஆனால் கூடத்துச் சுவரைப் படம் எடுத்து வா என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இந்தப் பகுதி மூழ்கியது, இந்த அட்டை இந்தப் பகுதியினுடையது, பணம் இந்தாருங்கள், அவ்வளவுதான். நான் பிரீமியம் கட்டாத இடத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

வழி இல்லாமலா போயிற்று? வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீடு என்று நம் நாட்டிலேயே பல காலமாக ஒன்று இருக்கிறது. அதில் மழைமானியும் வெப்பமானியும் சாட்சி சொல்லும். குறித்த அளவைத் தாண்டினாலோ குறைந்தாலோ, வயலுக்கு வந்து ஒவ்வொரு செடியாக எண்ணாமல் இழப்பீடு கணக்காகும். அதிலும் குறை உண்டு. மழைமானி இருக்கும் ஊரில் பெய்யாமல் என் வயலில் மட்டும் பெய்தால் என்ன என்று விவசாயிகள் கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனாலும் மடிப்பாக்கம் மாதிரி ஒரு பகுதி முழுக்க மூழ்கியதைப் படகுக்காரர் முதல் மாநகராட்சி வரை பதிவு செய்த பிறகு, முதல் தவணையாக ஒரு தொகையை உடனே கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் காகிதம் பார்க்க என்ன தடை? பெரும் பேரிடர் வந்தால் நடைமுறையை எளிதாக்குங்கள், பொறுப்பு அதிகாரியை நியமியுங்கள் என்று ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்துவதும் வழக்கமாகத்தான் இருக்கிறது. அந்த அறிவுறுத்தல் என் கோப்பைப் பார்த்த மேசைவரை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒருவேளை அதன் கடைசி ஆவணம் இன்னும் போய்ச் சேரவில்லையோ என்னவோ.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். "தங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி, முதலில் சொன்னதையே வேறு எழுத்துருவில் சொன்னார்கள். அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்புட்ஸ்மேனுக்கு மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும், 50 லட்சம் வரை விசாரிக்கலாம். இந்த நான்கையும் வீட்டுக்கடன் வாங்கிய ஒவ்வொருவரும் பாலிசி அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். சராசரி விதியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஒப்பந்தம் அது. அலமாரியையும் பழைய ஓதம் என்ற குறிப்பையும் மேஸ்திரியின் தாளையும் விடுவதாக இல்லை. பெரியத்தை படத்தை இம்முறை சுருக்காமல், கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டே இணைத்திருக்கிறேன்.

கூடத்துச் சுவர் இப்போது உப்புப் பூக்கத் தொடங்கிவிட்டது. தட்டினால் மூன்று இடத்தில் டொப் டொப் என்கிறது. மறுபடியும் கொத்திப் பூச வேண்டும், அதற்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது பில் புத்தகம் ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறாராம். எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்களாம்.